இன்னொரு மருத்துவரிடமும் கேட்கலாமா? ஹார்மோன் கோளாறும் குழந்தைப்பேறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறுப் பிரிவில் நீண்ட காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கமிருந்து உறவினரும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் இன்றும் மஞ்சள் பையில் கோப்புடன் வீட்டுக்கு வந்து, "இந்த டாக்டர் இப்படிச் சொல்கிறார், வேறு இடத்தில் காட்டலாமா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவற்றில் அடிக்கடி வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள் என்பதால், எந்த மருந்தை எடுக்க வேண்டும் என்றோ எதை நிறுத்த வேண்டும் என்றோ சொல்லவில்லை. எதை எடுத்துக்கொண்டு போவது, என்ன கேட்பது என்பதையே சொல்கிறேன்.

எந்த நிலையில் இரண்டாவது கருத்து உண்மையிலேயே தேவை?

எழுதித் தரும் ஒவ்வொரு மாத்திரைக்கும் இன்னொருவரிடம் ஓட வேண்டியதில்லை. செய்தபின் திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லும்போதுதான் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சினைப்பையில் அறுவை சிகிச்சை, கருக்குழாயை அகற்றுவது, ஆறு மாதக் காசநோய் மருந்து, நிலத்தை அடகு வைத்துச் செய்துகொள்ளும் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை), பிறரிடமிருந்து பெறும் கருமுட்டை ஆகியவை அத்தகையவை. மாதக்கணக்கில் ஒரே மாத்திரை கொடுக்கப்பட்டு, கருமுட்டை வெளிப்பட்டதா என்று ஒருமுறைகூடப் பார்க்கப்படாமல் இருந்தாலும், மனைவிக்குப் பத்துச் சோதனைகள் செய்துவிட்டுக் கணவருக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் கேட்கலாம்.

அதற்கு முன் ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும். கருத்தடை எதுவும் இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் பரிசோதனை தொடங்குவது வழக்கம். பெண்ணுக்கு 35 வயதைக் கடந்திருந்தால் 6 மாதம், 40-ஐக் கடந்திருந்தால் காத்திருக்கவே வேண்டியதில்லை. மாதவிலக்கு மிகவும் ஒழுங்கற்றிருந்தாலோ, முன்பே வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ வயது எதுவானாலும் காத்திருக்கத் தேவையில்லை. இந்த 12 மாதம் என்பது சேர்ந்து வாழ்ந்த காலம். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்து மாதம் ஒருமுறை இரண்டு நாள் வந்து போகிறவராகவோ, லாரியில் வடக்கே போய் ஆறு வாரம் கழித்துத் திரும்புகிறவராகவோ இருந்தால், திருமணமாகி இரண்டு ஆண்டு என்பது உண்மையில் சில வாரங்களாகவே இருக்கும். நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு இது பொருந்தும். ஆனால் மாமியாரும் கூட இருக்கும் அறையில் இதை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் வருவதில்லை. புதிய மருத்துவரிடம் கணவனும் மனைவியும் மட்டும் உள்ளே போங்கள்.

வேறொருவரிடம் காட்டினால் எங்கள் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

சிலர் முகம் சுளிக்கலாம், பெரும்பாலோர் சுளிப்பதில்லை. இரண்டாவது கருத்து பெறுவது நோயாளியின் உரிமை என்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம் தெளிவாகக் கூறுகிறது. கேட்கும் விதமும் முக்கியம். "ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டில் இன்னொருவரிடமும் கேட்கச் சொல்கிறார்கள், ரிப்போர்ட் நகலும் சுருக்கமான கடிதமும் தர முடியுமா, டாக்டர்?" என்று கேட்டால் போதும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தரத் தயங்கினால், வாய்மொழியாகக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். எழுத்துக்கு இருக்கும் மரியாதை தனி.

சொல்லாமலே போவதும் தவறில்லை. ஆனால் முதலாமவர் கொடுத்த மருந்தைப் புதியவரிடம் மறைப்பதுதான் ஆபத்து. இருவரும் ஒரே வகை மருந்தை இரு வேறு பெயரில் எழுதிவிட வாய்ப்புண்டு.

எந்தெந்தக் காகிதங்களை எடுத்துப் போக வேண்டும்?

சென்ற ஆடி மாதம் காரிமங்கலம் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பையைத் திண்ணையில் கவிழ்த்தபோது மாத்திரை அட்டைகள், மருந்துக் கடை ரசீதுகள், கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று, நான்காக மடித்த ஸ்கேன் படங்கள் எல்லாம் விழுந்தன. ஸ்கேன் படத்தைப் பிரித்தால் முழுவதும் வெளுத்திருந்தது. அந்த வழவழப்பான தாள் சூட்டில் அச்சிடப்படுவது. வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் கிடந்தால் நாளடைவில் படம் மறைந்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நகல் எடுத்துவிடுங்கள்.

கோப்பில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை ஒவ்வொன்றின் மேலும் அது மாதவிலக்கின் எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது என்று பேனாவால் எழுதுங்கள். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ரடையால் ஆகிய ஹார்மோன்களை மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். கருமுட்டை வெளிப்பட்டதா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டும்; 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 21-ஆம் நாள், 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 28-ஆம் நாள். எல்லோருக்கும் 21-ஆம் நாளிலேயே எடுத்துவிட்டு "முட்டை வரவில்லை" என்று முடிவு செய்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். இரு மருத்துவர்கள் முரண்படுவதாக நாம் நினைக்கும் பல இடங்களில் முரண்படுவது அவர்கள் அல்லர். சோதனை எடுத்த நாள்கள்தான்.

இவற்றோடு கடந்த ஓராண்டின் மாதவிலக்குத் தேதிகள், உட்கொண்ட மருந்துகளின் பெயரும் அளவும், கருக்குழாய் எக்ஸ்ரேயின் படச்சுருள், அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் குறிப்பு, கணவரின் விந்தணுப் பரிசோதனை முடிவு ஆகியவையும் வேண்டும். கலைந்த கர்ப்பங்களையும் தேதியுடன் எழுதுங்கள். "அது கணக்கில் வராது" என்று வீட்டில் சொல்வார்கள். மருத்துவருக்கு அது மிகவும் கணக்கில் வரும்.

ஒருவர் நீர்க்கட்டி என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். யாரை நம்புவது?

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ்.-ஐ நம் ஊரில் "நீர்க்கட்டி" என்கிறோம். கட்டி என்றதும் வீட்டில் அறுத்து எடுக்கும் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஸ்கேனில் தெரிபவை முழுதாக வளராமல் நின்றுவிட்ட சிறு கருமுட்டைப் பைகள். அவை கட்டிகளும் அல்ல, வெட்டி எடுக்க வேண்டியவையும் அல்ல. உண்மையான சினைப்பைக் கட்டி வேறு. அது எந்த வகை, எத்தனை சென்டிமீட்டர் என்று அறிக்கையில் இருக்கும். "உங்களுக்கு இருப்பது இரண்டில் எது?" என்பதே இரண்டாவது மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

2003-இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் பல சிறு பைகள் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லலாம். ஆண் ஹார்மோன் மிகுதி என்பது முகத்தில் கடினமான ரோமமாகத் தெரியலாம், ரத்தத்திலும் தெரியலாம். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்) போன்ற பிற காரணங்கள் இல்லை என்பதையும் உறுதி செய்திருக்க வேண்டும். ஆகவே மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்ணுக்கு ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து இந்தப் பெயரைச் சூட்டியிருந்தால் இன்னொருவர் "இல்லை" என்பதில் வியப்பில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும் வரை ஸ்கேனை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று 2023-இன் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது, ஏனெனில் அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் தோன்றும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு நீர்க்கட்டி என்று சொல்லி, "சீக்கிரம் கல்யாணம் செய்துவிடுங்கள்" என்று யாராவது ஆலோசனை சொன்னால், அந்த ஒன்றுக்காகவே வேறொருவரிடம் போகலாம்.

ஏ.எம்.எச். குறைவு, முட்டை தானம்தான் வழி என்கிறார்கள். என்ன செய்வது?

ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் சினைப்பையில் மீதமுள்ள கருமுட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் குறிப்புத் தரும். தரத்தைப் பற்றிச் சொல்லாது. தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. எண் குறைந்த 27 வயதுப் பெண்ணும் எண் குறைந்த 41 வயதுப் பெண்ணும் ஒரே நிலையில் இல்லை.

அறிக்கையில் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் நானோகிராமிலும் சில பிகோமோலிலும் தருகின்றன; மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 7.14 பிகோமோல். அலகு மாறியதை அறியாமல் "ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டது" என்று அழுதவர்கள் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்தில் எடுத்தாலும் எண் குறைந்து காட்டும். தானமாகக் கருமுட்டை பெறுவதற்கு முன், சோதனையை மீண்டும் எடுத்து, இரண்டாம் மூன்றாம் நாள் ஸ்கேனில் சிறு பைகளை எண்ணிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதன்பின்னும் அதே பதில் வந்தால் அதை ஏற்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

தைராய்டும் புரோலாக்டினும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறதே?

மாறும். புரோலாக்டின் பதற்றத்தாலும், வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளாலும் உயரும். தைராய்டு குறைவாக இருந்தாலும் உயரும். அப்போது முதலில் சரி செய்ய வேண்டியது தைராய்டு. அதிகாலை நான்கு மணிக்குப் பேருந்து ஏறி, ஓசூரில் கூட்டத்தில் நின்று, ஓடிப் போய் ஊசி குத்திக்கொண்டவருக்குச் சற்று உயர்ந்து காட்டுவதில் ஆச்சரியமில்லை. சிறிதளவே உயர்ந்திருந்தால் ஓய்வாக அமர்ந்த பின் மறுபடி எடுப்பார்கள். மிக உயர்ந்திருந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ தாமதிக்கக் கூடாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்ல வேண்டும். பல ஹார்மோன் சோதனைகளின் முடிவை அது பொய்யாக்கும். சில நாள் நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆனால் தைராய்டு மாத்திரையை, இன்னொருவரிடம் காட்டப் போகிறோம் என்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கணவரும் வர வேண்டுமா? அவருக்குக் குறை ஒன்றும் இல்லையே.

சோதிக்காமல் எப்படித் தெரியும்? குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. மனைவிக்கு எக்ஸ்ரே, லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்ப்பது) எல்லாம் முடிந்த பின் மூன்றாம் ஆண்டில் கணவரிடம் விந்து மாதிரி கேட்கும் கொடுமை இன்னும் நடக்கிறது. செலவும் வலியும் மிகக் குறைந்த சோதனை அதுதான். முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.

அதிலும் முறை உண்டு. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி தர வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். பென்னாகரத்திலிருந்து குப்பியைப் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தால் தருமபுரி வருவதற்குள் நேரம் கடந்துவிடும், ஆகவே ஆய்வகத்திலேயே தருவது நல்லது. உலக சுகாதார அமைப்பின் 2021 கையேடு தரும் கீழ்வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு, மொத்த அசைவு 42 விழுக்காடு, இயல்பான வடிவம் 4 விழுக்காடு. "நூற்றுக்கு நான்குதான் சரியாக இருக்கிறது" என்று அறிக்கையைப் படித்துக் கலங்கியவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: நான்கு என்பது இயல்பே. விந்தணு உருவாக இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். கடும் காய்ச்சல் வந்துபோன ஒரு மாதத்தில் எடுத்த அறிக்கை காய்ச்சலைத்தான் காட்டும். ஆகவே குறைவு என்று வந்தால் இடைவெளி விட்டு மீண்டும் எடுக்க வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். "ஆண்மைக்கு" என்று யாராவது அந்த ஊசியை எழுதியிருந்தால், குழந்தை வேண்டும் என்பதை அவரிடம் சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

குழாய் அடைப்பு என்று சொல்லிக் காசநோய் மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள்.

இனப்பெருக்க உறுப்புகளில் வரும் காசநோய் நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு ஒரு முக்கியக் காரணம். அது உண்மையாக இருந்தால் மருந்து தவிர்க்க முடியாதது. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் கர்ப்பப்பைச் சவ்வில் எடுத்த, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை ஒன்று மட்டும் நேர்மறையாக வந்ததை வைத்து ஆறு மாத மருந்து தொடங்குவது பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. "திசுப் பரிசோதனையிலோ, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலோ, லேப்ராஸ்கோபியிலோ வேறு சான்று உண்டா?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

அடைப்பு என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும்போது வலியால் குழாயின் தொடக்கப் பகுதி சுருங்கினாலும் அடைப்புப் போலவே தெரியும். மறுபுறம், நீர் கோத்து வீங்கிய குழாயை ஐ.வி.எஃப்.-க்கு முன் அகற்றவோ கட்டவோ சொன்னால் அதைப் பணம் பறிக்கும் வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; அந்த நீர் கருப்பையில் இறங்கினால் கரு தங்கும் வாய்ப்புக் குறையும் என்பதால் அது ஏற்கப்பட்ட முறை.

மருந்துக் கடையில் இது மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்கிறார்களே?

லெட்ரோசோலைச் சொல்கிறீர்கள். அது முதலில் அந்த நோய்க்காக வந்த மருந்துதான். குழந்தைப்பேறு சிகிச்சையில் அதன் பயன்பாட்டை இந்திய அரசு 2011-இல் நிறுத்தி, 2017-இல் மீண்டும் அனுமதித்தது. இன்று பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்குக் கருமுட்டை வெளிப்பட முதலில் தரும் மருந்து இதுவே. பி.சி.ஓ.எஸ்.-க்கும் தரும் மெட்பார்மினை "சுகர் மாத்திரை" என்று பயப்படுவதும் இதே கதை.

எங்கே போவது? பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா?

அப்படி இல்லை. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. சோதனைகளை ஒழுங்காக மீண்டும் எடுப்பதற்கும், மகப்பேறு மருத்துவரின் கருத்தைச் செலவின்றிப் பெறுவதற்கும் அங்கே தொடங்கலாம். தைராய்டோ, புரோலாக்டினோ, சர்க்கரையோ கலந்த சிக்கலாக இருந்தால் தேவைப்படுபவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். அவரைப் பார்க்க சேலம், வேலூர், பெங்களூரு என்று போக நேரலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவருக்குப் பெங்களூரு அருகில். ஊத்தங்கரை, பர்கூர்க்காரர்களுக்கு வேலூர் வழி எளிது. தருமபுரி, அரூர்க்காரர்களுக்குச் சேலம். எங்கே போனாலும் முதல் மருத்துவருடன் தொழில் தொடர்பு இல்லாதவராக இருக்க வேண்டும். அவரே அனுப்பும் இடத்திலிருந்து வருவது பெரும்பாலும் அவர் கருத்தின் எதிரொலியாகவே இருக்கும்.

ஐ.வி.எஃப். என்றால் அந்த மையம் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். அந்தச் சட்டப்படி பெண்ணுக்கு 21-க்கு மேல் 50-க்குள்ளும், ஆணுக்கு 21-க்கு மேல் 55-க்குள்ளும் வயது இருக்க வேண்டும். இருவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால், ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்ன சொல்ல வேண்டும்?

அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதனால்தான் குழந்தை இல்லை என்று பொருளல்ல. ஆனால் கரு மீண்டும் மீண்டும் கலைந்திருந்தாலோ, குடும்பத்தில் பிறவிக் குறையோடு குழந்தை பிறந்திருந்தாலோ மரபணு ஆலோசனைக்கு அனுப்புவார்கள்.

இரண்டாவது கருத்து வரும்வரை காத்திருக்கக் கூடாத நிலை எது?

நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியோ மயக்கமோ வந்தால் குழாயில் கரு தங்கியிருக்கலாம். கருமுட்டை ஊசிகளுக்குப் பின் வயிறு உப்பி, வாந்தி வந்து, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் சினைப்பை மிகைத்தூண்டல் ஆகலாம். இரண்டிலும் 108-ஐ அழையுங்கள். கோப்பைப் பிறகு அடுக்கலாம்.

இருவரும் வேறு வேறு சொன்னால்?

"இப்படித்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஆறு மாதம் எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன இழப்பு? இதைச் செய்தால் என் வயதில் பலன் எவ்வளவு?" என்று இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதலாமவர் சொன்னதை நுழைந்தவுடன் இரண்டாமவரிடம் சொல்லாமல், ரிப்போர்ட்டுகளை மட்டும் காட்டி அவராகச் சொல்ல விடுவது நல்லது. காரிமங்கலத்துப் பெண்ணுக்கு அப்படி எழுதிப் பார்த்ததில், இருவரும் ஒரே நோயைத்தான் சொல்லியிருந்தார்கள். ஒருவர் உடனே லேப்ராஸ்கோபி என்றார், மற்றவர் மூன்று சுழற்சி மாத்திரை கொடுத்துப் பிறகு பார்க்கலாம் என்றார். அவளுக்கு 26 வயது. மூன்று சுழற்சிக்கு அவளுக்கு நேரம் இருந்தது, அதனால் மாத்திரையைத் தேர்ந்தாள். அவளுக்கு 39 வயதாக இருந்திருந்தால் நானும் வேறு மாதிரிதான் யோசித்திருப்பேன்.